போலரைஸ்டு கண்ணாடி ஒளியைப் ‘பாதியாக’க் குறைக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயில் கண்ணாடி வாங்குவோருக்கு யோசனை கூறித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள கட்டுரைதான். ஆனால், ‘போலரைஸ்டு கண்ணாடி கண்ணுக்குள் நுழையும் ஒளியைப் பாதியாகக் குறைத்துவிடும்’ என்று அதில் வந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அந்தப் பாதி எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பதைச் சொல்லாமல் விட்டால், கூடுதல் விலை கொடுத்து அந்தக் கண்ணாடியை வாங்குபவருக்குத் தாம் எதற்காகக் காசு கொடுத்தோம் என்பதே விளங்காமல் போய்விடும். பள்ளி ஆய்வகமொன்றில் ஒளியியல் கருவிகளோடு பல ஆண்டுகள் புழங்கியவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

ஒளி ஒரு மின்காந்த அலை. அது செல்லும் திசைக்குக் குறுக்காக அதன் மின்புலம் அதிர்கிறது. சூரியனிலிருந்தோ வீட்டு விளக்கிலிருந்தோ வரும் ஒளியில் இந்த அதிர்வு எந்தவொரு பக்கமும் சாராமல் எல்லாப் பக்கமும் கலந்து கிடக்கிறது. அதிர்வு ஒரே தளத்தில் அமைந்துவிட்டால் அதைத் தளவிளைவுற்ற ஒளி என்கிறோம். கலந்து கிடக்கும் ஒளியிலிருந்து ஒரு தளத்து அதிர்வை மட்டும் வெளியே விடும் படலத்தையே போலரைசர் என்றும் தளவிளைவு வடிகட்டி என்றும் சொல்கிறார்கள். அது ஒட்டப்பட்ட வெயில் கண்ணாடிதான் போலரைஸ்டு கண்ணாடி. இன்று கண்ணாடிகளிலும் திரைகளிலும் ஒட்டப்படும் படலத்தின் மூலவடிவத்தை அமெரிக்கரான எட்வின் லேண்ட் 1938ஆம் ஆண்டில் உருவாக்கினார். பாலிவினைல் ஆல்கஹால் என்னும் நெகிழித் தாளை ஒரே திசையில் பல மடங்கு நீளுமாறு இழுத்து, அயோடின் கரைசலில் தோய்த்தால், தாளின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் இழுத்த திசையில் வரிசையாகப் படிந்துகொள்ளும். அவற்றை ஒட்டி அயோடினும் வரிசை கட்டி நிற்கும். சங்கிலியின் நீளவாக்கில் அதிரும் மின்புலம் அங்குள்ள எலெக்ட்ரான்களை அதே திசையில் அலைக்கழிப்பதால் அதன் ஆற்றல் படலத்திலேயே வெப்பமாகக் கரைந்துவிடுகிறது. சங்கிலிக்குச் செங்குத்தாக அதிரும் புலத்துக்கு எலெக்ட்ரான்களை அப்படி ஓட்டுவதற்கு இடமில்லை. எனவே அது ஏறத்தாழ முழுமையாகத் தப்பிச் செல்கிறது.

பாடநூல்கள் இதை விளக்கக் கம்பி வேலி ஒன்றின் படத்தைப் போடுவது வழக்கம். மேலும் கீழுமாக ஆட்டிய கயிற்றின் அலை, நின்றவாக்கில் உள்ள கம்பிகளின் இடைவெளி வழியே போய்விடும், பக்கவாட்டில் ஆட்டிய அலை போகாது என்று அந்தப் படம் சொல்லும். மனத்தில் சட்டென்று பதியும் படம்தான். ஆனால் நடப்பதற்கு நேர்மாறானது. படலத்தின் சங்கிலிகள் நின்றவாக்கில் இருந்தால் நின்றவாக்கில் அதிரும் ஒளிதான் சிக்கிக்கொள்கிறது, கிடைவாக்கில் அதிர்வது கடந்து போகிறது. அந்தப் படத்தால் விளக்கவே முடியாத இன்னொன்றும் உண்டு. அதற்குச் சற்றுப் பின்னால் வருகிறேன்.

முதலில் ‘பாதி’யைப் பார்ப்போம். பிரெஞ்சுப் படைப் பொறியாளரான எத்தியேன் லூயி மாலஸ் 1808ஆம் ஆண்டில் பாரிஸில் தம் வீட்டிலிருந்தபடி, எதிரே லக்சம்பர்க் அரண்மனையின் சன்னல்களில் பட்டுத் தெறித்த அந்திச் சூரிய ஒளியைக் கால்சைட் படிகம் ஒன்றின் வழியே பார்த்தார். அந்தப் படிகம் எதையும் இரட்டை உருவமாகக் காட்டுவது. அதைக் கையில் வைத்துச் சுழற்றியபோது இரண்டு உருவங்களில் ஒன்று மங்க மற்றொன்று ஒளிர்வதையும், பிறகு அது மாறுவதையும் அவர் கண்டார். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் தளவிளைவு அடைகிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. அந்த ஆய்வுகளின் தொடர்ச்சியாகப் பிறந்த மாலஸ் விதி இன்றும் பள்ளியில் படிக்கக் கிடைக்கிறது: தளவிளைவுற்ற ஒளி ஒரு வடிகட்டியைச் சந்திக்கும்போது, ஒளியின் அதிர்வுத் தளத்துக்கும் வடிகட்டியின் அச்சுக்கும் (அது வெளியே விடும் அதிர்வின் திசைக்கும்) இடையிலுள்ள கோணத்தின் கொசைன் மதிப்பின் வர்க்கம் எவ்வளவோ, அந்தப் பங்கு ஒளிச்செறிவுதான் வெளியே வரும். மின்புலத்தில் அச்சின் திசையிலுள்ள கூறு மட்டுமே கடந்து செல்வதால் கொசைன் வருகிறது. செறிவு என்பது வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது வர்க்கமாகிறது.

கோணம் சுழியாக இருந்தால் முழு ஒளியும் வரும். 30 பாகையில் 75 விழுக்காடு, 45இல் 50, 60இல் 25, 90இல் ஒன்றுமே வராது. சூரிய ஒளியைப் போல எல்லாத் தளங்களும் கலந்த ஒளி வந்து விழும்போது, எல்லாக் கோணங்களுக்குமான சராசரியை எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சராசரிதான் சரிபாதி. ஆகவே கட்டுரையில் கூறப்பட்ட பாதி, தளம் சாராத ஒளி ஒரு குறையற்ற வடிகட்டியில் விழும்போது கிடைக்கும் விடை. நடைமுறையில் படலமே கொஞ்சம் விழுங்குவதாலும் அதன் இரு பரப்புகளிலும் கொஞ்சம் திருப்பி அனுப்பப்படுவதாலும், கடந்து வருவது 40 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். தளவிளைவுற்ற ஒளி வந்தாலோ, விடை முழுமைக்கும் சுழிக்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். வண்ணம் பூசிய சாதாரணக் கறுப்புக் கண்ணாடி எந்த ஒளி வந்தாலும் ஒரே விகிதத்தில் குறைப்பது. போலரைஸ்டு கண்ணாடி வருகிற ஒளி எப்படிப்பட்டது என்று பார்த்துக் குறைப்பது. எவ்வளவு குறைக்கும் என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணைப் பதிலாகத் தர முடியாது என்பதே என் வாதம்.

வேலிப் படம் தோற்றுப்போகும் இடம் இது. இரண்டு படலங்களைக் குறுக்காக, அதாவது ஒன்றுக்கொன்று 90 பாகையில், பிடித்தால் ஒளி மறைந்துவிடும். இப்போது அந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது படலம் ஒன்றை 45 பாகையில் செருகினால், வேலிக் கணக்கின்படி இன்னும் இருளத்தான் வேண்டும். ஆனால், செருகிய இடத்தில் மட்டும் ஒளி திரும்ப வந்துவிடுகிறது! முதல் படலம் பாதியை விடுகிறது. நடுப்படலம் அதில் பாதியை விடுகிறது, விடும்போதே அதிர்வுத் தளத்தையும் தன் அச்சுக்குத் திருப்பிவிடுகிறது. கடைசிப் படலம் மீண்டும் பாதியை விடுகிறது. ஆக, தொடக்க ஒளியில் எட்டில் ஒரு பங்கு வெளிவருகிறது. ஒன்றைச் சேர்த்ததால் ஒளி கூடியது என்பதை மாணவர்கள் லேசில் நம்பமாட்டார்கள். நடுப்படலத்தைத் தாங்களே உருவி, மறுபடி செருகிப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்வார்கள். திருப்பத்தை இன்னும் சிறு சிறு படிகளாகப் பிரித்தால் இழப்பு மேலும் குறையும். ஏற்கெனவே தளவிளைவுற்ற ஒளியைப் பத்துப் படலங்களைக் கொண்டு, ஒவ்வொன்றையும் முந்தையதைவிட 9 பாகை கூடுதலாகத் திருப்பி வைத்து அனுப்பினால், குறையற்ற படலங்களாக இருக்கும்பட்சத்தில் 78 விழுக்காடு ஒளி 90 பாகை திரும்பிய நிலையில் வெளியே வந்துவிடும்.

இனி, நம் ஊர் நிலவரத்துக்கு வருகிறேன். போலரைஸ்டு கண்ணாடியின் தனிப் பயனே நீர்ப்பரப்பிலும் ஈரச் சாலையிலும் பட்டுத் தெறிக்கும் கூச்ச ஒளியை ஒடுக்குவதுதான். டேவிட் புரூஸ்டர் 1815இல் கண்டுரைத்தபடி, ஒவ்வொரு பொருளின் பரப்புக்கும் ஒரு குறிப்பிட்ட கோணம் உண்டு. அந்தக் கோணத்தில் விழுந்து தெறிக்கும் ஒளி முற்றிலும் கிடைவாக்கில் தளவிளைவு அடைந்துவிடும். தண்ணீருக்கு அது செங்குத்துக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 53 பாகை. அதாவது சூரியன் தொடுவானத்திலிருந்து 37 பாகை உயரத்தில் இருக்கும்போது தெறிக்கும் ஒளி. வெயில் கண்ணாடியில் அச்சு நின்றவாக்கில் வைக்கப்பட்டிருப்பதால், அந்தக் கூச்சம் பாதியாக அல்ல, ஏறக்குறைய முழுவதுமாக அணைந்துபோகும்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால், சூரியன் அந்த உயரத்தை எட்டுவது காலை ஒன்பதரை மணிவாக்கிலும் மாலை நாலரை மணிவாக்கிலும்தான். ஆண்டு முழுவதும் இதில் பெரிய மாற்றமில்லை. பிடோக் நீர்த்தேக்கத்தையோ மெரினா அணைக்கட்டையோ அந்த நேரத்தில் சூரியன் இருக்கும் பக்கமாகப் பார்த்தபடி கண்ணாடியை அணிந்தும் கழற்றியும் ஒப்பிட்டால், வெள்ளித்தகடாக மின்னும் நீரின் மேற்பரப்பு விலகி, அடியிலிருக்கும் பச்சை நிறமும் கரையோரக் கற்களும் தென்படுவதைக் காணலாம். தலையைத் தோள்பக்கமாகச் சாய்த்தால் கூச்சம் மீண்டும் எட்டிப் பார்க்கும். பத்துப் பாகை சாய்த்தால் 3 விழுக்காடுதான் கசியும். முப்பது பாகை சாய்த்தால் கால்வாசி திரும்பிவிடும்.

நண்பகலில் கதையே வேறு. சூரியன் உச்சிக்கு அருகில் நிற்கும்போது நீரில் நேராக விழுந்து நேராகத் திரும்பும் ஒளி தளவிளைவு அடைவதே இல்லை. அப்போது அந்தப் பகட்டான கண்ணாடி, பாதியைக் குறைக்கும் சாதாரணக் கறுப்புக் கண்ணாடியாகிவிடுகிறது. சூரியன் கடலைத் தொடும் நேரத்திலும் பயன் குறைந்துவிடும், ஏனெனில் மிகச் சாய்வாக விழும் ஒளியில் இரு தளத்து அதிர்வுகளும் தாராளமாகத் தெறிக்கின்றன. காரின் உலோகப் பட்டைகளிலிருந்து வரும் மின்னலையும் இந்தக் கண்ணாடி அவ்வளவாக அடக்காது; புரூஸ்டர் சொன்ன விதி நீர், கண்ணாடி போன்ற பொருள்களுக்குப் பொருந்துகிற அளவுக்கு உலோகங்களுக்குப் பொருந்துவதில்லை. ஈசிபி விரைவுச்சாலையில் மழை விட்டதும் தார் மின்னும்போது இதை அணிந்து ஓட்டுபவர்கள் அடையும் ஆறுதல் உண்மையானது. எதிரே நிற்கும் வாகனத்தின் பின்கண்ணாடியில் கட்டம் கட்டமாகத் தோன்றும் கருந்திட்டுகளும் உண்மையானவைதான். வலுவேற்றப்பட்ட கண்ணாடியில் தங்கிவிட்ட உள்ளழுத்தமே அப்படித் தெரிகிறது. அதைக் கண்டு பழுது என்று பதற வேண்டியதில்லை.

தெரிந்தெடுத்துக் குறைக்கும் இந்தக் குணத்தை நம்மவர் ஒருவர் எவ்வளவு நேர்த்தியாகப் பயன்படுத்தினார் என்பது பலருக்குத் தெரியாது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1921இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பியபோது மத்தியதரைக் கடலின் நீலம் அவரை நிறுத்திவைத்தது. வானத்தின் நீலம் கடலில் பிரதிபலிப்பதே அதற்குக் காரணம் என்பது அக்காலத்தில் பெரிய அறிஞர்களே ஏற்றிருந்த கருத்து. ராமன் தம்மிடமிருந்த நிக்கோல் பட்டகம் என்னும் தளவிளைவுக் கருவியின் வழியே, புரூஸ்டர் கோணத்தில் கடற்பரப்பைப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பு அணைந்துபோனது. நீலமோ போகவில்லை, முன்னிலும் அழுத்தமாகத் தெரிந்தது. ஆக, நீலம் நீருக்குள்ளிருந்தே சிதறி வருகிறது என்று அவர் முடிவுகட்டினார். பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் ‘நேச்சர்’ இதழுக்கு அதைக் கடிதமாக எழுதி அனுப்பினார். ஒளிச்சிதறல் பற்றிய அவருடைய ஆய்வு அங்கிருந்து வளர்ந்து, 1928இல் ராமன் விளைவாகவும் 1930இல் நோபெல் பரிசாகவும் முடிந்ததை நாம் அறிவோம். வடிகட்டி எல்லா ஒளியையும் பாதியாக்கும் கருவி மட்டுமே என்றால், அன்று கடல் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

படம் எடுப்பவர்களுக்கும் இது பயன்படுகிறது. கேமரா வில்லையின் முன் திருகும் வட்டத் தளவிளைவு வடிகட்டி ஒளியை ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) தின்றுவிடும் என்பதால், மங்கிய இடங்களில் அதைக் கழற்றிவிடுவதே நல்லது. வானத்தை ஆழ்ந்த நீலமாக்கவும் அதைப் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் வானொளி மிகுதியாகத் தளவிளைவு அடைவது சூரியனிலிருந்து 90 பாகை தள்ளியிருக்கும் பட்டையில்தான். நம் நண்பகலில் அந்தப் பட்டை சுற்றிலும் தொடுவானத்தை ஒட்டி, ஈரப்பதமும் புகைமூட்டமும் அடர்ந்த பகுதியில் கிடக்கிறது. குளிர்நாட்டுப் படங்களில் காணும் கருநீலத்தை இங்கே மதிய வேளையில் எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவதில் வியப்பில்லை.

நாம் நாள் முழுதும் பார்க்கும் திரைகளும் இதே விதியில்தான் இயங்குகின்றன. எல்சிடி திரையில் பின்விளக்கு, ஒரு படலம், திரவப் படிக அடுக்கு, குறுக்காக இன்னொரு படலம் என்ற வரிசை இருக்கிறது. மின்னழுத்தத்தைக் கொண்டு படிகம் ஒளியின் தளத்தை எவ்வளவு திருப்புகிறது என்பதைப் பொறுத்தே ஒவ்வொரு புள்ளியும் ஒளிர்கிறது அல்லது இருள்கிறது. முதல் படலத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. வண்ண வடிகட்டிகள் மிச்சத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. பின்விளக்கின் ஒளியில் பத்தில் ஒரு பங்குகூட நம் கண்ணுக்கு வந்து சேருவதில்லை. திரையிலிருந்து வெளிவருவது தளவிளைவுற்ற ஒளி என்பதால், போலரைஸ்டு கண்ணாடி அணிந்தவருக்கு, நெட்டுக்குத்தாகத் திருப்பி மாட்டிய சில விளம்பரத் திரைகள் இருண்டு கிடக்கும். கண்ணாடியும் கெடவில்லை, திரையும் கெடவில்லை; கோணம் 90 பாகையை நெருங்கிவிட்டது, அதுதான் காரணம். வாகனத்தின் அளவுமானிகளையோ வழிகாட்டித் திரையையோ நம்பி ஓட்டுபவர்கள் கண்ணாடியை வாங்கும் முன்பே அதைப் போட்டுக்கொண்டு அவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

கட்டுரை தொடாமல் விட்ட இரண்டு செய்திகளை நான் இதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். ஒன்று, தளவிளைவு வேறு, புற ஊதாக் கதிர்த் தடுப்பு வேறு. இங்கே நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது அரிதன்று. வில்லை 400 நானோமீட்டர் வரையிலான கதிர்களைத் தடுக்கிறதா என்பதே அங்கு கேட்க வேண்டிய கேள்வி. ‘போலரைஸ்டு’ என்ற ஒட்டுத்தாள் அதற்கு விடையாகாது. எவ்வளவு இருட்டு என்பதும் தனிக் கணக்கு. வெயில் கண்ணாடிகளுக்கான அனைத்துலகத் தரத்தில் மூன்றாம் வகைக் கண்ணாடி கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் 8 முதல் 18 விழுக்காட்டை மட்டுமே விடும். படலம் தனியே அந்த அளவை எட்டாது. சாயமும் சேர்ந்துதான் எட்டுகிறது. நான்காம் வகை 3 முதல் 8 விழுக்காட்டை விடுவது. அதை அணிந்து வண்டி ஓட்டக்கூடாது.

மற்றொன்று கண்பார்வையின் பாதுகாப்பு சார்ந்தது. 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி சிங்கப்பூரில் கங்கண சூரிய கிரகணத்தைப் பார்த்தோம். இரண்டு தளவிளைவுப் படலங்களைக் குறுக்காக வைத்தால் ஒளியே வராதே, அதன் வழியே சூரியனைப் பார்த்தால் என்ன என்று நினைப்பவர்கள் உண்டு. மாலஸ் விதியை அரைகுறையாகப் படித்தவர்களுக்குத்தான் இந்த யோசனை முதலில் வரும். அயோடின் படலம் தன் வேலையைச் செவ்வையாகச் செய்வது கண்ணுக்குப் புலப்படும் நிறங்களுக்குத்தான். அகச்சிவப்புப் பக்கம் போகப் போக அதன் பிடி தளர்ந்து, குறுக்காக வைத்த இரண்டு படலங்களும் அக்கதிர்களைத் தாராளமாக விட்டுவிடுகின்றன. கண்ணுக்கு இருட்டாகத் தெரிவதால் கண்ணின் பாவை விரிந்திருக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. சூடு பட்டதே பிறகுதான் தெரியவரும். சூரியனைப் பார்ப்பதற்கென்றுள்ள வடிகட்டிகளுக்கான ஐஎஸ்ஓ 12312-2 தரம், புலப்படும் ஒளியில் 0.0032 விழுக்காட்டுக்கு மேல் விடக்கூடாது என்று வரையறுப்பதோடு, புற ஊதாவுக்கும் அகச்சிவப்புக்கும் தனித்தனி எல்லை வைத்திருக்கிறது. தளவிளைவுப் படலம் எத்தனை அடுக்கானாலும் அதற்கு மாற்றாகாது. இதை மட்டுமாவது தனிக் குறிப்பாகத் தாங்கள் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

கடையில் நின்று சோதித்துப் பார்க்க விரும்புவோருக்கு ஒரு வழி சொல்லலாம். கண்ணாடியை மேசைக் கணினியின் எல்சிடி திரைக்கு முன் பிடித்து மெல்லச் சுழற்றினால், ஒரு நிலையில் திரை நன்கு இருண்டு, மேலும் 90 பாகை சுழற்றியதும் தெளிந்தால் அது தளவிளைவுக் கண்ணாடி. எவ்வளவு சுழற்றியும் ஒரே மங்கலாக இருந்தால் அது வெறும் சாயம். கைப்பேசியை வைத்துச் சோதிப்பது சில வேளைகளில் ஏமாற்றிவிடும். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் இருளாதிருக்கும்படி சில கைப்பேசிகளின் திரைமேல் கூடுதல் படலம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். புற ஊதாத் தடுப்பை இப்படிக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதற்கென்று அளவுகருவி வைத்திருக்கும் கண்ணாடிக் கடையில் கேட்டு அளந்து வாங்குவதுதான் சரி.

இப்படிக்கு,
வாசகர்,
பிடோக்